வீட்டு வரி நோட்டீஸ் வந்தாச்சு, ஆள் வைத்துப் பேசலாமா?

டெக்சாஸில் ஏப்ரல் மாதம் தபால்பெட்டியைத் திறந்தால் வரிக்காக வீடுகளுக்கு மதிப்பு போடும் உள்ளூர் அலுவலகமான அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் அனுப்பிய நோட்டீஸ் ஒன்று இருக்கும். அது வந்த இரண்டாவது நாளிலிருந்து, "உங்கள் வரியை நாங்கள் குறைத்துத் தருகிறோம்" என்று கம்பெனிகளின் கடிதங்கள் வரிசையாக வர ஆரம்பிக்கும். இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் இதைப் பற்றித்தான். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, பதில்கள் முழுவதையும் இதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

நாங்கள் வீடு வாங்கி நான்கு வருஷம் ஆகிறது, ஹோம்ஸ்டெட் (சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கான வரிச் சலுகை) போட்டிருக்கிறோம். இந்த வருஷ நோட்டீஸில் மார்க்கெட் வேல்யூ 6,40,000 டாலர் என்று வந்திருக்கிறது. என் தோழி ஒரு கம்பெனியில் கையெழுத்துப் போடச் சொல்கிறாள். குறைத்தால் மிச்சமாவதில் 40 சதவீதம் அவர்களுக்கு, குறைக்காவிட்டால் ஒன்றும் தர வேண்டாமாம். நஷ்டமே இல்லையே, போடலாம்தானே? – ஒரு வாசகி, ஃபிரிஸ்கோ

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அந்த நோட்டீஸை இன்னொரு தடவை எடுத்துப் பாருங்கள். அதில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று மார்க்கெட் வேல்யூ, இன்னொன்று அப்ரைஸ்டு வேல்யூ. எல்லோர் கண்ணும் பெரிய எண்ணுக்குத்தான் போகும், ஆனால் வரி போடுவது இரண்டாவது எண்ணை வைத்துத்தான்.

குடியிருக்கும் வீட்டுக்கு ஹோம்ஸ்டெட் இருந்தால் அந்த இரண்டாவது எண் வருஷத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது என்பது டெக்சாஸ் சட்டம் (நீச்சல் குளம், புது அறை என்று ஏதாவது கட்டியிருந்தால் அதன் மதிப்பு தனியாகச் சேரும்). போன வருஷம் உங்கள் அப்ரைஸ்டு வேல்யூ 5,20,000 என்று வைத்துக்கொள்வோம். இந்த வருஷம் மார்க்கெட் 6,40,000 ஆனாலும் சரி, 7,00,000 ஆனாலும் சரி, உங்களுக்கு வரி 5,72,000 மீதுதான்.

இப்போது அந்தக் கம்பெனி போய்ப் பேசி மார்க்கெட் வேல்யூவை 6,05,000 ஆகக் குறைத்துவிட்டது என்று வையுங்கள். வரி விகிதம் எல்லாம் சேர்த்து 2 சதவீதம் என்று எடுத்துக்கொண்டால், "35,000 குறைத்தோம், உங்களுக்கு 700 டாலர் மிச்சம், எங்கள் பங்கு 280" என்று பில் வரலாம். நீங்கள் கட்டும் வரியோ அதே 5,72,000 மீதுதான், ஒரு டாலர்கூடக் குறையவில்லை. மிச்சமே இல்லாத பணத்தில் பங்கு கொடுக்கிறீர்கள். இது எனக்கே நடந்தது. ஒரு கம்பெனிக்கு முதல் வருஷம் அப்படித்தான் பணம் கட்டினேன், அக்டோபரில் வரி பில் வந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. கேட்டால் ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கத்தில் "மார்க்கெட் வேல்யூ குறைவின் அடிப்படையில்" என்று எழுதியிருப்பதைக் காட்டினார்கள். எழுதித்தான் இருந்தது.

அதனால் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "மிச்சத்தை எந்த எண்ணிலிருந்து கணக்குப் போடுவீர்கள்?" என்பதுதான். "நான் உண்மையாகக் கட்டும் வரி எவ்வளவு குறைகிறதோ அதில் மட்டும்" என்று எழுத்தில் தரும் கம்பெனிகள் இருக்கின்றன, அப்படிப்பட்டவர்களிடம் போடுங்கள். அவர்களே உங்கள் நோட்டீஸைப் பார்த்துவிட்டு "இந்த வருஷம் 5,72,000-க்குக் கீழே கொண்டுவந்தால்தான் பலன், அது கஷ்டம்" என்று சொன்னால், அந்த மனிதரின் நம்பரைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தெருவில் இதே அளவு வீடுகள் 5,60,000-க்கு விற்றிருந்தால் கதை வேறு. அப்போது 12,000 குறைகிறது, ஏறக்குறைய 240 டாலர் மிச்சம், அதில் 96 அவர்களுக்கு. நியாயமான வியாபாரம்தான்.

மார்க்கெட் வேல்யூவைக் குறைப்பதில் பிற்காலத்துக்குப் பலனே இல்லை என்று சொல்ல மாட்டேன். இந்த வருஷம் எதிர்த்துக் கேட்டு, இந்த வழக்குகளை விசாரிக்கும் ரிவ்யூ போர்டு குறைத்துவிட்டால், அடுத்த வருஷம் அதை ஏற்ற வேண்டும் என்றால் டிஸ்ட்ரிக்ட் தெளிவான, வலுவான ஆதாரம் காட்டியாக வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் அது உங்கள் பையிலிருந்து இன்றைக்கு 280 டாலர் எடுத்துக் கொடுக்கக் காரணம் ஆகாது.

ஆள் வைக்காமல் நாமே போகலாமா? எனக்கு அதிகாரிகள் முன்னால் நின்று ஆங்கிலத்தில் வாதாடுவது என்றாலே கை உதறும். கோர்ட் மாதிரி இருக்குமா? மதிப்பைக் கூட்டிவிடுவார்களோ என்றும் பயம். – ஒரு வாசகர், கேட்டி

கூட்ட மாட்டார்கள். அந்தப் பயத்தை முதலில் எடுத்துப் போடுங்கள். நோட்டீஸில் போட்டிருக்கும் மதிப்புக்கு மேல் ரிவ்யூ போர்டு ஏற்றக்கூடாது என்று சட்டமே இருக்கிறது, 2019-இல் கொண்டுவந்த மாற்றம் அது. மோசமாகப் போனால் அதே எண் இருக்கும், அவ்வளவுதான்.

கோர்ட் மாதிரியும் இருக்காது. முதலில் ப்ரொட்டஸ்ட், அதாவது மதிப்பை எதிர்க்கும் மனு, பதிவு செய்ய வேண்டும். மே 15, அல்லது நோட்டீஸ் அனுப்பிய நாளிலிருந்து 30 நாள், இதில் எது பின்னால் வருகிறதோ அதுதான் கடைசித் தேதி. பெரிய கவுன்ட்டிகளில் ஆன்லைனிலேயே போடலாம், இல்லாவிட்டால் 50-132 என்ற படிவம். அதில் காரணம் கேட்கும் இடத்தில் இரண்டு கட்டங்களையும் டிக் செய்யுங்கள்: சந்தை மதிப்பைவிட அதிகமாகப் போட்டிருக்கிறார்கள் என்பது ஒன்று, மற்ற வீடுகளோடு ஒப்பிட்டால் சமமாகப் போடவில்லை என்பது இன்னொன்று. இரண்டாவதை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். உங்களுக்கு உண்மையில் கைகொடுப்பது அதுதான். ஏனென்றால் டெக்சாஸில் வீடு என்ன விலைக்கு விற்றது என்பதை யாரும் அரசாங்கத்துக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, விற்பனை விலை ரியல்டர்களின் பட்டியலில்தான் இருக்கும். ஆனால் பக்கத்து வீட்டுக்கு எவ்வளவு மதிப்பு போட்டிருக்கிறார்கள் என்பது டிஸ்ட்ரிக்ட் இணையதளத்திலேயே எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது. உங்கள் வீட்டைப் போலவே அளவும், வயதும், கட்டிய பில்டரும் ஒன்றாக இருக்கும் ஏழெட்டு வீடுகளை எடுத்து சதுர அடிக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதுங்கள். வரிசையில் நடுவில் வரும் எண்ணைவிட உங்களுடையது உயர்ந்திருந்தால் உங்களிடம் ஒரு வழக்கு இருக்கிறது.

அப்புறம், ப்ரொட்டஸ்ட் போடும்போதே டிஸ்ட்ரிக்ட் ஹியரிங்கில் (போர்டு முன் நடக்கும் விசாரணையில்) காட்டப்போகும் ஆதாரத்தை எழுதிக் கேளுங்கள். ஹியரிங்குக்குக் குறைந்தது 14 நாளுக்கு முன்னால் இலவசமாகத் தர வேண்டும், கேட்டும் தராததை அங்கே பயன்படுத்த முடியாது. அந்தப் பாக்கெட்டைப் பொறுமையாகப் படியுங்கள். உங்கள் வீட்டில் இல்லாத மூன்றாவது கராஜ் அதில் இருக்கும், அல்லது ஒப்பிட எடுத்த வீட்டுக்குப் பின்னால் ஏரி இருக்கும், உங்கள் வீட்டுக்குப் பின்னால் ஹைவே இருக்கும். இப்படி ஒரு தவறு கிடைத்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

பெரும்பாலும் முதலில் டிஸ்ட்ரிக்டின் மதிப்பீட்டாளரான அப்ரைசரோடு நேரிலோ போனிலோ ஆன்லைனிலோ ஒரு சாதாரணப் பேச்சு இருக்கும், நிறையப் பேருக்கு விஷயம் அங்கேயே முடிந்துவிடுகிறது. ஒத்துவராவிட்டால் போர்டு. வழக்கமாக மூன்று பேர் உட்கார்ந்திருப்பார்கள், நம்மைப் போல ஊர் மக்கள்தான், டிஸ்ட்ரிக்ட் ஊழியர்கள் கிடையாது. உண்மை சொல்வதாக உறுதிமொழி எடுப்பீர்கள், டிஸ்ட்ரிக்ட் பக்கம் பேசுவார்கள், நீங்கள் பேசுவீர்கள், பெரும்பாலும் அரை மணிக்குள் முடிந்துவிடும். மதிப்பு சரி என்று நிரூபிக்கும் பொறுப்பு டிஸ்ட்ரிக்டுக்கு, உங்களுக்கு இல்லை என்பதையும் மனதில் வையுங்கள். நேரில் பேசத் தயக்கம் என்றால் போனில் பேசலாம், வீடியோவில் பேசலாம், அல்லது நோட்டரி முன் கையெழுத்திட்ட அஃபிடவிட்டாக எழுதியே கொடுத்துவிடலாம்.

நான் முதல் தடவை போனபோது எடுத்துப்போனது ஆறே தாள். எங்கள் பக்கம் கரிசல் களிமண், வெயிலில் சுருங்கி மழையில் உப்பும், வீட்டின் அஸ்திவாரம் அதோடு சேர்ந்து ஆடும். படுக்கையறைக் கதவு சாத்தினால் மேலே ஒரு விரல் இடைவெளி, ஜன்னல் மூலையிலிருந்து கூரை வரை சுவரில் ஒரு விரிசல். விரிசலோடு ஒரு ஸ்கேலை ஒட்டிவைத்துப் படம் எடுத்திருந்தேன், அஸ்திவாரம் சரிசெய்கிறவர் கொடுத்த 14,000 டாலர் எஸ்டிமேட்டும் இருந்தது. நான் சந்தை நிலவரம் பற்றி ஏதேதோ பேசிக்கொண்டிருந்தேன், போர்டில் இருந்த வயதான அம்மா ஒருவர் இடைமறித்து ஒன்றே ஒன்று கேட்டார்: "இந்தப் படம் எப்போது எடுத்தது?" டெக்சாஸில் மதிப்பு போடுவது ஜனவரி 1 அன்று வீடு இருந்த நிலைக்கு. எஸ்டிமேட் ஏப்ரலில் வாங்கியது, ஆனால் படம் டிசம்பரில் எடுத்தது. போனில் தேதியைத் திறந்து காட்டினேன், குறைத்துவிட்டார்கள். அதிலிருந்து வருஷா வருஷம் டிசம்பர் கடைசியில் வீட்டைச் சுற்றி நடந்து படம் எடுத்து வைத்துவிடுகிறேன்.

ஒரே ஒரு விஷயம் மட்டும் பேசாதீர்கள். "வரி ரொம்ப அதிகம், வேலை போய்விட்டது, கட்ட முடியவில்லை" என்று சொன்னால் அவர்களுக்கும் வருத்தமாகத்தான் இருக்கும், ஆனால் வரி விகிதத்தை முடிவு செய்வது அவர்கள் இல்லை. அவர்களால் தொட முடிந்தது மதிப்பு ஒன்றைத்தான்.

ஆஸ்டின் பக்கம் எங்களுக்கு வாடகைக்கு விட்ட வீடு ஒன்று இருக்கிறது. நாங்கள் இருப்பது கலிஃபோர்னியாவில். இதற்கு ஆள் வைப்பது சரியா? – ஒரு வாசகர், சான் ஹோசே

உங்களுக்கு ஆமாம் என்றே சொல்வேன். வாடகை வீட்டுக்கு ஹோம்ஸ்டெட் கிடையாது, அதனால் அந்த 10 சதவீத வரம்பும் கிடையாது. 2023-இல் வந்த சட்டப்படி, ஏறக்குறைய 5 மில்லியன் டாலருக்கு உட்பட்ட மற்றச் சொத்துகளுக்கு 20 சதவீத வரம்பு ஒன்று இருக்கிறது, அதுவும் 2024, 2025, 2026 ஆகிய மூன்று வருஷங்களுக்கு மட்டும், வாங்கிய முதல் வருஷத்துக்குப் பொருந்தாது. மார்க்கெட் வேல்யூ அந்த வரம்புக்குக் கீழே இருந்தால் குறைகிற ஒவ்வொரு டாலருக்கும் நேரடியாக வரி குறையும். 30,000 குறைந்தால் 2 சதவீதத்தில் 600 டாலர். நீங்களோ ஊரில் இல்லை, விற்பனை விலைகளும் உங்கள் கைக்கு எளிதில் வராது. உள்ளூரில் அந்தத் தரவுகளை வைத்துக்கொண்டு வருஷம் முழுக்க இதே வேலை செய்கிறவருக்கு ஒரு பங்கு கொடுப்பதில் தவறே இல்லை.

ஆனால் மொத்தமாக ஆயிரக்கணக்கில் வீடுகளைப் பிடித்துக்கொண்டு, டிஸ்ட்ரிக்ட் சொல்லும் முதல் எண்ணையே ஒப்புக்கொண்டு அடுத்ததற்குப் போய்விடும் கம்பெனிகளும் உண்டு. "எங்களைக் கேட்காமல் செட்டில் செய்வீர்களா? ஹியரிங்குக்கு யார் போவார்கள்?" என்று கேட்டு வையுங்கள். ஆள் போகாமல் விட்டால் ப்ரொட்டஸ்ட் தள்ளுபடி ஆகிவிடும், அதற்கு மேல் ஆர்பிட்ரேஷனுக்கோ (நடுவர் தீர்ப்பு) கோர்ட்டுக்கோ போகும் வழியும் அடைபட்டுவிடும். இழப்பு உங்களுக்குத்தான், கம்பெனிக்கு இல்லை. வீட்டின் படங்களையும் ரிப்பேர் எஸ்டிமேட்டுகளையும் நீங்களே சேகரித்து அவர்களுக்கு அனுப்புங்கள். வாடகைக்கு இருப்பவரிடம் கேட்டால் எடுத்து அனுப்புவார். வீட்டுக்குள் தண்ணீர் கசிவது கம்பெனிக்குத் தெரியாது.

போன வருஷம் ஒரு கம்பெனியில் கையெழுத்துப் போட்டேன். இந்த வருஷம் நானே செய்யலாம் என்று போனால், அவர்களே ஏற்கெனவே எனக்காக ப்ரொட்டஸ்ட் போட்டுவிட்டார்கள். நோட்டீஸ்கூட எனக்கு வரவில்லை. எப்படி வெளியே வருவது? – ஒரு வாசகர், இர்விங்

நீங்கள் போன வருஷம் கையெழுத்துப் போட்டதில் இரண்டு தாள்கள் இருந்திருக்கும். ஒன்று கம்பெனியோடு ஒப்பந்தம், மற்றது 50-162 என்ற ஏஜென்ட் நியமனப் படிவம், அது டிஸ்ட்ரிக்டுக்குப் போவது. அந்தப் படிவத்தில் அதிகாரம் எந்தத் தேதியோடு முடிகிறது என்று எழுத ஓர் இடம் உண்டு. அதைக் காலியாக விட்டால் நீங்கள் ரத்து செய்யும் வரை அது ஓடிக்கொண்டே இருக்கும். தபால்களை ஏஜென்டுக்கே அனுப்பலாம் என்ற கட்டங்களும் அதிலேயே இருக்கின்றன. நோட்டீஸ் உங்களுக்கு வராததற்குக் காரணம் அநேகமாக அதுதான்.

இன்றைக்கே டிஸ்ட்ரிக்டுக்கு எழுத்தில் ரத்துக் கடிதம் அனுப்புங்கள், உங்கள் பெயர், வீட்டு முகவரி, அக்கவுன்ட் நம்பர், ஏஜென்ட் பெயர், தேதி, கையெழுத்து. அது போய்ச் சேர்ந்ததற்கு ஒரு பதில் வாங்கிக்கொள்ளுங்கள். கம்பெனிக்குத் தனியாக இன்னொரு கடிதம். டிஸ்ட்ரிக்டில் ரத்து செய்துவிட்டால் ஒப்பந்தமும் முடிந்தது என்று அர்த்தம் இல்லை. தானாகப் புதுப்பிக்கும் ஒப்பந்தமாக இருந்தால், எந்தத் தேதிக்குள் சொல்ல வேண்டும் என்று அதில் ஒரு வரி இருக்கும். அந்தத் தேதி தாண்டிவிட்டிருந்தால், இந்த ஒரு வருஷம் அவர்களையே நடத்தவிட்டு அடுத்த வருஷத்துக்கு இப்போதே ரத்து கொடுத்துவிடுவது உத்தமம். இரண்டு பேரும் இழுத்தால் ஹியரிங்கில் குழப்பம்தான் மிஞ்சும்.

புதிதாகப் போடுகிறவர்கள் அந்தத் தேதி இடத்தில் அதே வருஷம் டிசம்பர் 31 என்று எழுதிவிடுங்கள். இன்னொன்று: டெக்சாஸில் கூலிக்கு இந்த வேலை செய்கிற ப்ராபர்ட்டி டாக்ஸ் கன்சல்டன்ட்டுகள் டெக்சாஸ் லைசென்சிங் அண்ட் ரெகுலேஷன் துறையில் பதிவு செய்திருக்க வேண்டும் (வக்கீல்கள் போன்ற சிலருக்கு விலக்கு உண்டு). அந்தத் துறையின் இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடினால் தெரிந்துவிடும், இரண்டு நிமிஷ வேலை.

மதிப்பு குறைந்தது என்று கம்பெனி பில் அனுப்பியது, கட்டிவிட்டேன். மாதா மாதம் கட்டும் மார்ட்கேஜ் தொகை அப்படியே இருக்கிறதே? – ஒரு வாசகி, ரவுண்ட் ராக்

கம்பெனி பில் கோடையிலேயே வந்துவிடும், வரி பில் அக்டோபர் வாக்கில்தான் வரும், அதை உங்கள் எஸ்க்ரோவிலிருந்து (வரிக்காக மாதா மாதம் உங்களிடம் வாங்கிச் சேர்த்துவைக்கும் கணக்கு) பேங்க் கட்டும், அதற்குப் பிறகு வருடாந்திரக் கணக்குப் பார்க்கும்போதுதான் மாதத் தொகை மாறும். பொறுத்திருங்கள். ஆனால் வரி பில் வந்ததும் கம்பெனி சொன்ன மிச்சத்தோடு அதை ஒத்துப்பாருங்கள். முதல் கேள்விக்குச் சொன்ன கணக்கு உங்களுக்கும் பொருந்தலாம், அப்படியென்றால் அவர்களிடம் விளக்கம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

மே 15 தாண்டிவிட்டது. மறந்தே போய்விட்டேன். இனி ஒன்றும் செய்ய முடியாதா? – ஒரு வாசகர், ப்ளேனோ

நோட்டீஸில் இருக்கும் தேதியை முதலில் பாருங்கள், தாமதமாக அனுப்பியிருந்தால் 30 நாள் இன்னும் மிச்சம் இருக்கலாம். நியாயமான காரணம் இருந்தால், ஆஸ்பத்திரியில் இருந்தது போல, போர்டு அந்த வருஷப் பதிவேட்டை அங்கீகரிப்பதற்கு முன்னால் தாமத ப்ரொட்டஸ்டை ஏற்கலாம். அதுவும் இல்லை என்றால், மதிப்பு மிகவும் தப்பாக இருக்கும் பட்சத்தில், குடியிருக்கும் வீட்டுக்குக் கால் பங்குக்கு மேல் கூடுதலாகப் போட்டிருந்தால், அடுத்த பிப்ரவரி 1-க்கு முன்னால் திருத்தம் கேட்க ஒரு வழி இருக்கிறது. அதற்கு 10 சதவீத அபராதம் உண்டு. சாதாரண ஏற்றத்துக்கு இது உதவாது.

அதைவிட முக்கியமாக, உங்கள் ஹோம்ஸ்டெட் பதிவாகி இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். நம்மவர்களில் பலர் இதைப் போடாமலே வருஷக்கணக்கில் கூடுதலாகக் கட்டுகிறார்கள், விசாவில் இருக்கிறோமே, நமக்குக் கிடைக்காது என்று நினைத்துக்கொண்டு. டெக்சாஸ் டிரைவர் லைசென்ஸில் அந்த வீட்டு முகவரி இருந்து, அதுவே நீங்கள் நிலையாகக் குடியிருக்கும் வீடாக இருந்தால் விண்ணப்பிக்கலாம், குடியுரிமை தேவை இல்லை. 2025 முதல் பள்ளி வரிக்கு மட்டும் வீட்டின் மதிப்பிலிருந்து 1,40,000 டாலர் கழித்துக்கொள்கிறார்கள், எந்த ப்ரொட்டஸ்டிலும் இவ்வளவு குறைப்பது சுலபம் இல்லை. இரண்டு வருஷம் வரை பின்தேதியிட்டும் கேட்கலாம்.

ஹோம்ஸ்டெட் பதிவு செய்ய கட்டணம் கட்டச் சொல்லி அரசாங்க முத்திரை மாதிரி ஒன்றோடு கடிதம் வந்திருக்கிறது. கட்ட வேண்டுமா? – ஒரு வாசகி, ஷுகர்லேண்ட்

வேண்டாம். அப்ரைசல் டிஸ்ட்ரிக்டில் அது இலவசம். படிவம் 50-114, ஒரு கையெழுத்து, லைசென்ஸ் நகல், அவ்வளவுதான்.